முகம் தெரியும் தரை

சலவைக்கல்லை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. தேய்த்த அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் புளிப்பு கல்லைத் தின்றுவிடும். கொஞ்ச நாளில் மேல்தோல் போய், அம்மை வந்து எழுந்தவன் கன்னம் மாதிரி ஆகிவிடும். இந்தத் தரையை அப்படி யாரும் தொட்டதில்லை. நான் விட்டதில்லை.

வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சாரல் அடிக்கும், தெரியும். இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கிறது, தேய்த்துக்கொண்டே பேசுகிறேன். கைக்கு வேலை இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். உங்கள் பக்கத்தில் கொடியில் கிடக்கிற கோணியை எடுக்க வேண்டாம். நனைந்தால் நனையட்டும்.

நீங்கள் நேற்றே முடித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம் இது. ராவ் சாகிப் பொன்னுவேல் தான் கட்டிய வாசகசாலையிலேயே கால் வழுக்கி விழுந்தார், இடுப்பு முறிந்தது, படுக்கையில் கிடந்து இறந்தார். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். ஆனால் கிளம்பும்போது எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு வரி. 'தரைப் பராமரிப்பில் கவனக்குறைவு.'

அந்த வரியை அடிக்க வேண்டும். அதற்காகத்தான் உங்களைத் திரும்ப வரச் சொன்னேன். என்னைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள், திமிர் பிடித்தவள், வாயாடி, பட்டணத்தில் கெட்டுப்போனவள் என்று. அதெல்லாம் இருக்கட்டும். வேலையில் கவனக்குறைவு என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

நான் வெள்ளகவிக்காரி. இங்கேயிருந்து கீழே ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் வரும் ஊர். எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் என்பதால் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், கழற்றுவதற்குச் செருப்பு இருப்பவர்கள். என் அம்மா சிவபாக்கியம் முதலில் எலுமிச்சை மூட்டை சுமந்து கோடைக்கானலுக்கு ஏறினாள். பிறகு பங்களாக்களில் தரை தேய்த்தாள். அவள் முழங்காலைத் தேய்த்துத்தான் நான் மிஷன் பள்ளிக்கூடத்திலும், பிறகு சென்னைப்பட்டணத்திலும் படித்தேன். பி.ஏ., சரித்திரம். எங்கள் ஊரில் பி.ஏ. படித்தது நான் மட்டும்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராவ் சாகிப் இந்த வாசகசாலையை மன்னரின் வெள்ளி விழா ஞாபகமாகக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் சர்க்காரிடம் 'ராவ் சாகிப்' பட்டம் வாங்கினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வெள்ளைச் சலவைக்கல், சுற்றிலும் கருப்புக் கடப்பைக்கல். சலவைக்கல்லை வடக்கேயிருந்து ரயிலில் வரவழைத்தார். புத்தகங்களைத் திண்டுக்கல்லில் எடை போட்டு வாங்கினார். ஒரு பட்டதாரி நூலகர் இருந்தால் மேலிடத்தில் மதிப்பு என்று யாரோ சொல்ல, பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். இந்தக் குளிருக்கு ஏறி வந்த பட்டதாரி நான் ஒருத்திதான்.

"பேரு?" என்றார்.

"ராக்காயிங்க."

"அது வீட்ல கூப்பிடுறது. சர்டிபிகேட்ல?"

"அதுலயும் ராக்காயிதாங்க."

சர்டிபிகேட்டை வாங்கி, ஏதோ போலி நோட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பி.ஏ. படிச்சிட்டு ராக்காயின்னு போர்டு மாட்டுனா வர்றவன் சிரிக்க மாட்டானா? போர்டு அப்பறம் பாப்போம்," என்றார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இந்தா புள்ள, நீ சிவபாக்கியத்து மகதான? ஒங்காத்தா எங்க பங்களாத் தரையத் தேச்சா மூஞ்சி தெரியும்ல. அந்தக் கை ஒனக்கும் இருக்கும். பொஸ்தகச் சோலி எங்க ஓடிறப் போகுது? மொதல்ல தரையப் பாரு. வெள்ளனே வந்துரு. எம் மூஞ்சி அதுல தெரியணும்."

அலமாரிச் சாவிகள் அவருடைய கடிகாரச் சங்கிலியில் தொங்கின. நூலகருக்குச் சாவி கிடையாது. அதனால் நான் தரையைப் பார்த்தேன்.

உங்கள் தலைக்கு மேலே ஒரு போர்டு இருக்கிறது. நீங்கள் படித்திருப்பீர்கள். 'நாட்டுச் செருப்புகளை வெளியே விடவும். ஆங்கில பூட்ஸ் அணிந்தோர் அப்படியே வரலாம்.' இது ராவ் சாகிப் போட்ட சட்டம். கல் சில்லென்று இருக்கும், மார்கழியில் பாதம் மரத்துப்போகும். நான் சட்டத்தை மதிக்கிறவள். ஆகவே பஜாரில் ஒரு மிஷன் அம்மாள் விற்றுவிட்டுப் போன பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு, போர்டுக்குக் கீழே நிமிர்ந்து நின்று, உள்ளே வந்தேன்.

"கழட்டு," என்றார்.

"இது ஆங்கில பூட்ஸ்தாங்க."

"பூட்ஸு ஆங்கிலந்தான். காலு வெள்ளகவிதான? பழகுன காலுக்கு என்னத்துக்கு இந்தச் சொகுசு?"

உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள் சிரித்தார்கள். நான் கழற்றினேன். இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு ஜோடி பூட்ஸுக்காக ஆளைக் கொல்கிற பெண் இல்லை நான்.

இப்போது வேலையைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் அறிக்கைக்கு அதுதான் முக்கியம். முதலில் சாணைக்கல் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு நுரைக்கல். பிறகு ஈரம் முழுதும் காய்ந்ததும் மெழுகு. மலைத்தேன் மெழுகை டர்பன்டைனில் இளக்கி, கம்பளித் துணியால் மெல்லிசாகப் பூசித் தேய்த்தால் கல்லுக்கு உயிர் வரும். அதோடு விட்டுவிடக்கூடாது. கடைசியாகக் காய்ந்த கோணியை அழுத்தி ஓட்டி, மிச்ச மெழுகை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் நடக்கிறவனுக்குப் பிடிப்பு இருக்கும். இதை அம்மா 'தரைக்குக் கால் கொடுக்கிறது' என்பாள். பளபளப்பு முந்தியே வந்துவிடும். கால் கொடுத்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நடந்தால்தான் தெரியும்.

ஆரம்பத்தில் நான் தினமும் கால் கொடுத்தேன். சத்தியமாக.

ஒருநாள் மழையில் கோணி நனைந்து கிடந்தது. மெழுகோடு விட்டுவிட்டேன். வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் பாதத்தின் சூட்டுக்கு மெழுகு லேசாக ஒட்டும். அந்த நேரத்தில் ராவ் சாகிப்பின் மருமகன் நாச்சிமுத்து வந்தார். பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. ஃபெயில்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிற மனிதர். தோல் அடி வைத்த புது பூட்ஸ். வாசலில் நின்ற நிலையில் உள்ளே வந்தவர், பாதி வாசகசாலையை உட்கார்ந்த நிலையில் கடந்தார்.

"என்ன புள்ள வேடிக்க பாக்குற? வெரசா வந்து தூக்கு."

"தள்ளி நின்னு பேசுன்னு போன வாரம் சொன்னீங்களேங்க."

அவரே எழுந்தார். எழும்போது ஒரு முறை, எழுந்த பிறகு ஒரு முறை விழுந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்புறம் யோசித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காவல்காரர் அழகுமலை வெறுங்காலோடு வந்தார், ஒன்றும் ஆகவில்லை. விறகு கொண்டுவந்த பூண்டி கிராமத்துக்காரர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. தரை ஆளைத் தெரிந்துகொண்டது. இல்லை, தரைக்கு என்ன தெரியும். ராவ் சாகிப்பின் போர்டு ஆட்களைப் பிரித்து அனுப்பியது. நான் படித்த சரித்திரத்தில் இவ்வளவு நேர்மையான சட்டம் ஒன்றைப் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருப்பேன். ஆண்டுக் கூட்டம் நெருங்கியபோது ராவ் சாகிப் என்னைக் கூப்பிட்டார்.

"கூட்டத்துல நாச்சிமுத்துவ நூலகரா அறிவிக்கப் போறேன். நீ தரைக்கு இருந்துக்க."

"அவரு பி.ஏ. ஃபெயிலுங்க."

"ஃபெயிலானாலும் அது ஆம்பளப் பி.ஏ." சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுழற்றினார். சாவிகள் ஒன்றோடொன்று இடித்துச் சிரித்தன. "ஏம் மூஞ்சியத் தொங்கப்போடுற? கை இருக்குற வரைக்கும் ஒனக்குத் தரை இருக்கு."

அந்த நூலகர் நாற்காலி போனால் எனக்கு வேறு நாற்காலி இல்லை, ஐயா. இந்த மலையில் ராக்காயி என்ற பெயருக்கு இன்னொரு வேலை யாரும் விளம்பரம் செய்யப்போவதில்லை. என் அம்மா தேய்த்த தரையில் நானும் தேய்த்து, என் பி.ஏ. டிரங்குப் பெட்டியில் கிடந்து பூச்சி அரித்துப்போகும். அதை நான் அனுமதிப்பதாக இல்லை.

ஒரு விஷயம் ஒரு தடவை நடந்தால் படித்தவள் நம்பக்கூடாது. அதனால் வாசலிலிருந்து ராவ் சாகிப் உட்காரும் தலைவர் நாற்காலி வரை, நேராக ஒரு நடை அகலத்துக்கு மட்டும், கால் கொடுக்காமல் விட்டேன். மற்ற இடமெல்லாம் ஒழுங்காகக் கோணி ஓட்டினேன். இதற்குப் பெயர் கவனக்குறைவா, நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு வந்தது குத்தூஸ் ராவுத்தர்.

அப்துல் குத்தூஸ் ராவுத்தரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பஜாரில் பலசரக்குக் கடை. எனக்கு மெழுகு தருவது அவர்தான். பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பர்களில் நல்லதைப் பிரித்து எனக்கென்று எடுத்து வைப்பார். என்னை 'பி.ஏ. அம்மா' என்று கூப்பிட்ட ஒரே மனிதர், அதுவும் கேலியில்லாமல். எப்போதும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். அன்று வாசலில் நின்று இரண்டு காலையும் மாறி மாறித் தூக்கிக் காட்டினார்.

"பி.ஏ. அம்மா, இங்க பாரு. எம் மக சுலைகாவோட மாப்பிள்ள பினாங்குலருந்து அனுப்பிருக்காப்ல. இன்னைக்கி நானும் தொரைதான். போர்டு என்னய ஒண்ணும் சொல்லாதுல்ல?"

கழற்றிவிட்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். உள்ளறையில் ராவ் சாகிப் இருந்தார், கதவு திறந்திருந்தது. நான், "நல்லா இருக்குங்க ராவுத்தரய்யா. வாங்க," என்றேன்.

மணிக்கட்டு முறிந்தது. வலியில் முகம் வெளுத்துப்போய், அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒன் தரையக் கெடுத்துட்டேனேம்மா. கோடு விழுந்துருச்சே."

ராவ் சாகிப் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே ராவுத்தா, பூட்ஸு போட்டுப் பழக்கம் இல்லாதவன் விழத்தானடா செய்வான். வெறுங்காலோட வந்துருக்கலாம்ல?" எனக்கு அவருடைய புத்தியைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் அப்போது போய்விட்டது. விழுகிறவன் பழக்கமில்லாமல் விழுகிறான் என்று நம்புகிறவர் தரையைச் சந்தேகப்பட மாட்டார்.

அழகுமலை ராவுத்தரை வைத்தியரிடம் கூட்டிப்போனார். பூட்ஸ் இழுத்துத் தரையில் விழுந்த கோட்டை நான் பார்த்தேன். வாசலருகே ஆரம்பித்து நேராக வந்து, நாற்காலிக்கு முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. மெழுகு இன்னும் ஒரு பூச்சு வேண்டும் என்று புரிந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு ராவ் சாகிப் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அன்று காலையிலிருந்து நடுச் சலவைக்கல்லைச் சுற்றிப் பட்டுக் கயிறு கட்டியிருக்கும். மற்றவர்கள் ஓரத்துக் கடப்பைக்கல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க, அவர் கயிற்றை அவிழ்த்து, நடுவில் முதல் ஆளாக நடந்து வந்து நாற்காலியில் அமர்வார். இந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை. எனக்கு இவ்வளவு வசதியாக இன்னொருத்தர் யோசித்துத் தருவார் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை.

ஓரம் முழுக்க ஒழுங்காகக் கால் கொடுத்திருந்தேன். அதில் ஒரு கிழவர்கூடத் தடுமாறவில்லை. நடுவில் மெழுகை மூன்று பூச்சாக ஏற்றியிருந்தேன். அப்படி ஒரு பளபளப்பை இந்த மலை பார்த்ததில்லை. மேலே சரவிளக்கு, கீழே ஒரு சரவிளக்கு. கமிட்டிக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று 'அடேயப்பா' என்றார்கள். யாரும் யார் தேய்த்தது என்று கேட்கவில்லை.

ராவ் சாகிப் கயிற்றை அவிழ்த்தார். கழுத்தில் ரோஜா மாலை, கையில் வெள்ளிப்பூண் தடி. குனிந்து தரையைப் பார்த்து, தன் முகத்தைப் பார்த்து, மீசையைக் கூட ஒதுக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "இப்பத்தான் நீ சிவபாக்கியம் மக," என்றார். பிறகு நடந்தார்.

முதலில் தடி போனது. பிறகு அவர். மாலை தனியாகப் பறந்துபோய் நாச்சிமுத்துவின் கழுத்தில் விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அப்படியெல்லாம் இல்லை, பத்திரிகை மேசையில் விழுந்தது. ராவ் சாகிப் பக்கவாட்டில், இடுப்பு முதலில் படும்படி விழுந்து, அப்படியே நாற்காலியின் கால் வரை வந்து சேர்ந்தார். கன்னம் கல்லோடு ஒட்டியிருந்தது. அவர் கேட்டபடியே தரையில் அவர் முகம் தெரிந்தது, மிகப் பக்கத்தில்.

தூக்க ஓடிவந்த பூட்ஸ்காரர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் ஓரத்தில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், அனுபவஸ்தர். வெறுங்காலோடு இருந்த அழகுமலையாலும் என்னாலும்தான் ராவ் சாகிப்பிடம் போக முடிந்தது. தலையை நான்தான் மடியில் தாங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். அழகுமலையின் காலைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். பழக்கம் இல்லாதவன்தான் பூட்ஸோடு விழுவான் என்று சிரித்தவர், அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

கடிகாரச் சங்கிலி அறுந்து, சாவிக்கொத்து தரையில் வழுக்கிக்கொண்டே போய் நூலகர் மேசையின் காலில் மோதி நின்றது. நல்ல தரை எதையும் வழியில் நிறுத்தாது.

மதுரைக்குக் காரில் கொண்டுபோனார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருக்கும். மூன்று பூச்சு போட்டவள் அப்படிச் சொன்னால் நம்புவீர்களா? நினைத்தேன். நான்தான் செய்தேன். தெரிந்து, அளந்து, ஒரு மூலை விடாமல் செய்தேன்.

நாச்சிமுத்து இந்தத் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வராந்தாவிலேயே நின்று பேப்பர் படித்துவிட்டுப் போகிறார். நூலகர் உள்ளே வந்தாக வேண்டுமே. கமிட்டி வேறு வழியில்லாமல் நூலகர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தது. அந்த நாற்காலிதான், உங்களுக்கு அங்கிருந்தே தெரியும். பக்கத்தில் போர்டு: 'ராக்காயி, பி.ஏ., நூலகர்.' இதுவரை யாரும் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே என் பூட்ஸ் இருக்கிறது. உட்கார்ந்த பிறகுதான் போட்டுக்கொள்வேன், எழுவதற்கு முன் கழற்றிவிடுவேன்.

ராவுத்தரா? அவர் மணிக்கட்டு நேராகக் கூடவில்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்ற முடியவில்லை, சுலைகா கடையில் உட்காருகிறாள். மெழுகு மட்டும் தவறாமல் அனுப்புகிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் மேலும் தப்பு இருக்கிறது, ஐயா. பழக்கமில்லாத பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? வெறுங்காலோடு வந்திருக்கலாம்.

அந்த வாசல் போர்டைக் கழற்றிவிடலாம் என்று போன வாரம் கமிட்டியில் ஒருவர் சொன்னார். நான்தான் கூடாது என்றேன். கண்டவர்களும் செருப்போடு வந்தால் தரை என்ன ஆகும்? ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்.

மூலை முடிந்துவிட்டது. கோணி இன்னும் நனைந்துதான் கிடக்கிறது, பரவாயில்லை. நீங்கள் அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மேசை அந்தக் கோடியில் இருக்கிறது. ஓரமாகச் சுற்றி வர வேண்டாம், நீங்கள் பெரிய உத்தியோகஸ்தர், நடுவாகவே வாருங்கள். பூட்ஸைக் கழற்ற வேண்டியதில்லை.